வலிப்புக்கும் கோதுமைக்கும் என்ன தொடர்பு?

கோதுமை ஒவ்வாத பிள்ளை என்றால் வயிறு உப்பி, பேதியால் மெலிந்த பிள்ளையையே நாம் எண்ணுகிறோம். ஆனால், செலியாக் என்னும் இந்நோய் சில பிள்ளைகளிடம் வயிற்றில் தோன்றாமல் மூளையிலும் நரம்புகளிலும் தலைகாட்டுவதுண்டு. அடிக்கடி வரும் தலைவலி, கைகால் மரத்துப்போதல், அரிதாக நடையில் தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை அவற்றுள் சில.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. அதன் தூண்டுதலால் உடலின் தற்காப்பு ஆற்றலே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. கோதுமையே குற்றவாளி என்பதை ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே 1950ஆம் ஆண்டின் தம் ஆய்வேட்டில் நிறுவினார். 1992இல் இத்தாலிய மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். வலிப்புடன், மூளையின் பின்பகுதியில் சுண்ணாம்புப் படிவும் கொண்ட நோயாளிகள் பலரிடம் செலியாக் நோய் மறைந்திருந்தது. இத்தகைய வலிப்பு, கண்முன் வண்ண ஒளி தோன்றுவதாகவோ பார்வை மங்குவதாகவோ தொடங்கலாம். பிள்ளை அதைச் சொன்னால், "காற்றுச் சேட்டை" என்று தாயத்துக் கட்டுவதோடு நின்றுவிடும் இல்லங்கள் இன்றும் உண்டு. துஆச் செய்வோம்; மருத்துவரிடமும் செல்வோம். மருந்து தேடுவதும் நபிவழியே அல்லவா?

வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இது சிறு பங்கே. தென்னிந்தியாவில் இந்நோய் அரிது என்பதும் உண்மை. 2016இல் வெளியான ஆய்வில், இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டோர் வடஇந்தியரிடம் 1.23 விழுக்காடாக இருந்தனர், தெற்கே 0.10 விழுக்காடே. மேற்கு சஹாராவைச் சேர்ந்த சஹ்ராவி முஸ்லிம் பிள்ளைகளிடமோ 5.6 விழுக்காடு என 1999இல் வெளியான ஆய்வு கூறிற்று. அரிது என்பதாலேயே நம் பக்கத்தில் இது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. காரணம் புலப்படாத வலிப்புடன் இரத்தசோகையோ வளர்ச்சிக் குறைவோ சேர்ந்திருந்தால், இதற்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று பெற்றோரே மருத்துவரிடம் கேட்கலாம். நோய் உறுதிப்பட, குடலின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பதும் உண்டு.

ஒன்றை மறந்துவிட வேண்டாம், தாய்மார்களே. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். வலிப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தலாகாது.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்க வேண்டும். அரிசியை உண்ணும் நமக்கு இது பெரும் பாரமன்று: இடியாப்பம், பத்திரி, நோன்புக் கஞ்சி எல்லாம் உண்டு. பரோட்டா, சமோசா, ரவை, சேமியா ஆகாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூட மாவு கலந்திருக்கும். பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். பெருநாளன்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிக்கிண்ணம் வைக்காமல், வீட்டார் அனைவருக்குமே ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சிவிடலாம்.