ராசி அல்ல காரணம்

திறமை இருந்தும் ராசியில்லாதவர் என்று குத்துச்சண்டை வீராங்கனை துளசி ஹெலனைச் சொல்லிவிடுவது சுலபம். நாம் அதை ஏற்பதற்கில்லை. சென்னையின் ஏழை தலித் குடும்பத்துப் பெண் அவர். லைட் ஃப்ளை எடைப் பிரிவில் களமிறங்கியவர். 2013இல் நார்வே இயக்குநர்கள் எடுத்த ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’ ஆவணப்படம் அவருடைய கதைதான். ‘சார்பட்டா’வுக்குக் கைதட்டிய நம்மில் பலர் அதைப் பார்த்ததில்லை.

பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்தது 2012இல். பிரிவுகள் மூன்றே: 51, 60, 75 கிலோ. 48 கிலோவுக்கு இடமில்லை. மேரி கோமே 51 கிலோவுக்கு ஏறித்தான் வெண்கலம் வாங்கினார். எடை ஏற்ற முட்டையும் கறியும் வேண்டும். குடிசையில் அதற்கு எங்கே போவது? இதை வேண்டுமானால் ராசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்து நடந்தது ராசியல்ல. துளசி தேடியது, பதக்கத்தின் வழியாக ஓர் அரசு வேலை. அந்த வழியின் சாவி சங்க நிர்வாகிகளின் கையில். அவர்களில் ஒருவர் மீது பாலியல் புகார் சொன்னார். கடைசியில் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகும் தாய்மாரின் பெண்பிள்ளைகளும் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பித்தான் மைதானத்துக்குப் போகிறார்கள். விளையாட்டரங்கமும் பயிற்சி நிலையமும் பணியிடமே என்கிறது 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அந்தக் குழுவினரின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஒவ்வொரு மைதானச் சுவரிலும் கடலூர் மாவட்ட நிர்வாகம் எழுதிவைக்கட்டும். அணித் தேர்வுப் பட்டியலையும் மதிப்பெண்களோடு அங்கேயே ஒட்டட்டும்.