வட்டப்பாதை வெறுங்கனவா?

2007-ஆம் ஆண்டு, சென்னையின் பறக்கும் இரயில் வேளச்சேரியை எட்டிப் பிடித்தது. மகிழ்ந்தோம்! ஆனால் வேளச்சேரியில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்த்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? இரயிலில்தான் போவேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தால், வடக்கே வெகுதூரம் சென்று, அங்கே வண்டி மாறி, மீண்டும் தெற்கே வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வித்தை!

இடையிலே குறுக்கிட்டது மலையா, கடலா? வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட 5 கிலோமீட்டர்! அதை இணைத்தால், சுமார் 40 கிலோமீட்டரில் நகரைச் சுற்றி ஒரு வட்டம். 2008-இல் பணி தொடங்கிற்று. தூண்கள் எழுந்தன. ஆதம்பாக்கத்தில் கடைசி அரைக் கிலோமீட்டரிலே நிலத்தகராறு. பத்தாண்டுக்கு மேல் தூண்கள் வெயில் காய்ந்தன.

“வட்டப்பாதையே ஆகாத காரியம்” என்பார் சிலர். டில்லியைச் சான்றுக்கு அழைப்பர். உண்மைதான், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிச் செப்பனிடப்பட்ட 35 கிலோமீட்டர் சுற்று இரயில்பாதை அங்கே மக்களை ஈர்க்கவில்லை. ஏன்? நிலையம் ஒருபுறம், மக்கள் வாழ்வது மறுபுறம்! பேருந்துத் தொடர்பு இல்லை; வண்டிகளும் சொற்பம். ஆளில்லாத இடத்தில் கடை விரித்துவிட்டு, கொள்வாரில்லை என்று கைவிரிப்பதா?

தோக்கியோவைப் பாருங்கள்! 1925-இல் வட்டமாகிவிட்ட யாமனோத்தே பாதை 34.5 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். புறநகரிலிருந்து வரும் பாதைகள் பல அந்த வட்டத்தில்தான் வந்து கூடுகின்றன. சில நிமிடத்துக்கு ஒரு வண்டி. அதனால் கூட்டம், அதனால் வெற்றி!

இன்னொரு பாடம் இலண்டனில். 1884-இல் முழுமை பெற்ற வட்டப்பாதையில் வண்டிகள் ஓயாமல் சுற்றின. கடைசி நிலையம் என்று ஒன்று இல்லாததால், ஒரு வண்டியின் தாமதம் மற்ற வண்டிகளையும் தொற்றிற்று. 2009-இல் ஒரு முனையை வெளியே நீட்டி, வண்டி நின்று புறப்பட வழி செய்தனர். எனவே, வண்டி சுற்ற வேண்டும் என்பதல்ல நம் வாதம். பயணி சுற்றிவர முடிய வேண்டும்! ஒரே சீட்டு, இறங்கிய இடத்திலேயே அடுத்த வண்டி, வாசலிலே பேருந்து. இவை இருந்தால் போதும்.

பொறியியல் நம்மைத் தடுக்கவில்லை. தடுப்பது நிலம், நிலத்தின் மேல் நிற்கும் வீடு. டில்லி மெட்ரோவின் இளஞ்சிவப்புப் பாதையும் திரிலோக்புரியில் இப்படித்தான் அறுந்து கிடந்தது. அங்கே குடியிருந்தோரின் மறுவாழ்வுச் சிக்கல் தீர்ந்த பிறகே, 2021-இல் அந்தத் துண்டு இணைந்தது.

ஏழையின் வீட்டைக் கடைசி நேரத்தில் நினைப்பதால்தான் ஆண்டுகள் வீணாகின்றன. முதல் தூண் ஊன்றும் முன்பே நியாயமான இழப்பீடு தருக. போகும் இடத்தில் வீடு தருக. அதை இரக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம், சிக்கனமும் அதுவே! தாமதத்தின் செலவையும் நாம்தானே சுமக்கிறோம்?

வட்டப்பாதை முடியுமா என்று கேட்போருக்கு நம் விடை: முடியும். மக்களை விலக்கிப் போட்டால் முடியாது. மக்களைச் சேர்த்துக்கொண்டு போட்டால் நிச்சயம் முடியும்.

வளைந்து செல்லட்டும் பாதை, வளையாதிருக்கட்டும் நீதி!