இயந்திரத்தைப் பழிக்குமுன் எண்ணெயைப் பாருங்கள்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலே ஒருகாலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற, பலர் கூடிய உழைப்பாலேயே பயிர் வளர்ந்தது. 1950களிலும் 1960களிலும் நீர் இறைக்கும் இயந்திரம் பரவியபின் துலா மெல்ல மெல்ல மறைந்தது. பலர் கூடிச் செய்த வேலையை இன்று ஒருவரே செய்து முடிக்கின்றார். இது பெரும் நன்மையே. ஆனால், இயந்திரம் நின்றுவிட்டால் அதற்குப் பதிலாக இன்று துலாவும் இல்லை. மிதிப்பதற்கு ஆளும் இல்லை. ஆதலால், இயந்திரத்தை வைத்திருப்பவர் அதன் போக்கையும் ஓரளவு அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பங்குனி வெயிலில், வெங்காயம் பருத்துவரும் நேரம், ஒரு கமக்காரரின் பெற்றோல் இயந்திரம் கால் மணி நேரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அவர் அதனைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே காபரேற்றரை மாற்றிக் கொடுத்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து இறைத்தார். கால் மணி நேரத்தில் மீண்டும் நின்றது. மூன்றாம் நாள் நான் அவ்வழியே சென்றபோது, பாத்திகளின் வெங்காயத் தாள் வாடிச் சாய்ந்திருந்தது. எரிபொருள் தாங்கியின் மூடியைச் சற்றுத் தளர்த்தினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே சென்றது. இயந்திரமும் நில்லாமல் ஓடியது. மூடியிலுள்ள சிறு துளையைச் செம்மண் அடைத்திருந்தமையே குற்றம். தாங்கியில் எண்ணெய் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்றுச் செல்லவேண்டும். சென்றாலன்றி எண்ணெய் கீழே இறங்காது.

அந்தப் பெரியவர் என்னைக் கோபிக்கவில்லை. "தம்பி, இதை முன்னமே ஒருவரும் சொல்லித் தரவில்லையே" என்று மட்டும் கூறினார். அவர் கூறியது உண்மை. விதை, பசளை, பூச்சி, நோய் ஆகியவற்றைப் பற்றி நாங்கள் இடைவிடாது பேசுகின்றோம். அப்பயிருக்கெல்லாம் நீர் தரும் இயந்திரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. இக்குறை போதனாசிரியர்களாகிய எங்களுடையது.

"இயந்திரம் மெக்கானிக்கின் வேலை; கமக்காரர் ஏன் தலையிடவேண்டும்?" என்று சிலர் கேட்பர். இயந்திரத்தின் உள்ளுறுப்புகளைக் கழற்றுதல் மெக்கானிக்கின் வேலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை எரிபொருள் செல்லும் வழி கமக்காரரின் பொறுப்பு என்பதே என் கருத்து. சிறு இயந்திரங்கள் திடீரென நிற்பதற்கு அழுக்கும், நீரும், பழைய பெற்றோலுமே பெரும்பாலும் காரணமாகின்றன. இவை மூன்றும் இயந்திரத்தோடு பிறந்த குற்றங்களல்ல. நாம் எண்ணெயை வைத்திருக்கும் முறையால் வருபவை.

வாய்க்காலில் நீர் வராவிட்டால் கமக்காரர் என்ன செய்வார்? கடைமடையில் நின்று வானத்தைப் பார்ப்பதில்லை. தலைவாய்க்காலிலிருந்து அடைப்பைத் தேடிக்கொண்டு வருவார். எண்ணெய் செல்லும் வழியையும் அவ்வாறே மேலிருந்து கீழாகப் பார்த்தல் வேண்டும். அதற்குமுன் இயந்திரம் ஆறட்டும். பீடி, சுருட்டு, விளக்கு எவையும் அருகில் இருத்தலாகாது.

முதலாவதாக, சில முறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை என்பது பொருள். நனைந்திருந்தால் எண்ணெய் அளவுக்கு மிஞ்சி வருகின்றது, அல்லது பிளக்கில் பொறி இல்லை.

இரண்டாவதாக, தாங்கியில் எண்ணெய் உண்டா, மூடியின் துளை திறந்துள்ளதா என்று பாருங்கள். மூடியைத் தளர்த்தியவுடன் இயந்திரம் ஓடினால் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

மூன்றாவதாக, எண்ணெய்த் திருகை மூடிவிட்டு, வடியையும் அதன் கீழுள்ள சிறு கிண்ணத்தையும் கழற்றிக் கழுவுங்கள். கறளும் மண்ணும் தங்குமிடம் அதுவே. பின்னர் குழாயின் கீழ் நுனியை விடுவித்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்தித் திருகைத் திறவுங்கள். எண்ணெய் தாரையாக விழவேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் அடைப்பு அதற்கு மேலே உள்ளது. போத்தலைச் சிறிது நேரம் அசையாது வைத்துப் பாருங்கள். நீர் பெற்றோலிலும் பாரம் கூடியது. ஆகவே அடியில் தனியாகப் படிந்து நிற்கும். அவ்வாறு கண்டால் தாங்கியிலுள்ள எண்ணெய் முழுவதையும் வடித்தெடுத்தல் வேண்டும்.

நான்காவதாக, காபரேற்றரின் அடியிலுள்ள வடிதிருகாணியைத் தளர்த்துங்கள். குழாயில் எண்ணெய் நன்றாக வந்தும் இங்கே வராவிடின், மிதவைக்கு மேலுள்ள ஊசி ஒட்டிக்கொண்டுள்ளது. மாறாக, எண்ணெய் வெளியே ஒழுகிக்கொண்டேயிருந்தால், ஊசி சரியாகப் படியவில்லை, அல்லது மிதவை ஓட்டையாகியுள்ளது.

சோக்கை மூடியிருந்தால் மட்டும் ஓடி, திறந்தவுடன் நிற்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் ஜெற்றின் துளை அடைபட்டிருக்கும். அதனைக் காற்றால் ஊதியே துப்புரவாக்குதல் வேண்டும். இங்கே என் தவறொன்றையும் சொல்லவேண்டும். விவசாயப் பாடசாலையில் டிப்ளோமா பெற்று வந்த முதலாண்டில், இரும்புக் கம்பியொன்றை ஜெற்றினுள் விட்டுக் குடைந்தேன். அடைப்பு நீங்கியது; அதனோடு மெல்லிய பித்தளைத் துளையும் பெருத்தது. அதன்பின் அந்த இயந்திரம் கரும்புகை கக்கி, எண்ணெயை வீணே குடித்தது. புதிய ஜெற் ஒன்றை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். கரும்புகைக்கு அடைபட்ட காற்று வடியும் காரணமாகலாம். அதனையும் மறவாது பாருங்கள்.

இவ்வளவும் நோய் வந்தபின் செய்யும் மருந்து. வராமற் காப்பது அதனிலும் எளிது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் பலர் நீண்ட வரிசைகளில் நின்று பெற்றோலைப் பெற்றனர். கிடைத்ததைக் கிடைத்த கான்களில் சேமித்தவர்களும் உண்டு. அந்த நேரத்து அச்சம் விளங்கத்தக்கதே. ஆயினும் பெற்றோல் நெல்லைப் போலக் கட்டிவைக்கும் பொருளன்று. வெயிலிலும் காற்றிலும் இருந்தால் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எஞ்சியது நாளடைவில் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். ஆகவே ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். வைத்திருப்பதை எரிபொருளுக்கென ஆக்கப்பட்ட கானில், நன்கு மூடி, நிழலில், வீட்டு அடுப்புக்குத் தொலைவில் வையுங்கள். தாங்கியில் ஊற்றும்போது மெல்லிய வலையுள்ள புனலால் வடித்து ஊற்றுங்கள். மாரி தொடங்கி இறைப்பு நின்றவுடன் தாங்கியையும் காபரேற்றரையும் வடித்துவிடுங்கள். நாலைந்து நிமிடம் செய்யும் இவ்வேலை அடுத்த கோடையில் பலநாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 1990களில் வடக்கிலே பெற்றோல் அரிதாகியபோது, மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய அனுபவம் நம்மவர்க்கு உண்டு. அது வேறு வழியின்றிச் செய்தது, வழக்கமாகக் கொள்ளத்தக்கதன்று. மண்ணெண்ணெய்க்கென ஆக்கப்பட்ட இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. நிறுத்துவதற்குச் சற்றுமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினாலே மறுநாள் இலகுவில் தொடங்கும். மற்ற இயந்திரங்களில் மண்ணெண்ணெயைக் கலந்தால், எரியாத பகுதி கீழிறங்கி ஓயிலை நீர்த்துப்போகச் செய்து உறுப்புகளைத் தேய்க்கும். மேலும், 2022 ஆகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததோடு முன்னைய மலிவும் போயிற்று.

வடித்த எண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றுதல் பெருந்தவறு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாலானது. அதன் வெடிப்புகளின் வழியே எண்ணெய் நிலத்தடி நீரைச் சென்றடையும். அந்த நீரையே பயிரும் நாமும் குடிக்கின்றோம். ஆகவே கிணற்றுக்குத் தொலைவில், பாத்திரத்தில் ஏந்தியே வடியுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், கோடை இறைப்புத் தொடங்குமுன், கமநல சேவை நிலையத்திலோ ஒரு தோட்டத்துக் கிணற்றடியிலோ அரைநாள் கூடட்டும். அவரவர் தம் இயந்திரத்தைக் கொண்டுவந்து, தம் கையாலேயே வடியைக் கழற்றிக் கழுவிப் பழகட்டும். அங்கு வந்து காட்டித் தருவது போதனாசிரியரின் கடமை. அழைப்பது உங்கள் உரிமை. இறைப்பு நாளன்று வாடிய பாத்தியின் நடுவே நின்று, "ஒருவரும் சொல்லித் தரவில்லையே" என்று இனி எந்தக் கமக்காரரும் கூறும் நிலை வரலாகாது.