கண்ணே... நீ கெட்டியா?

உங்க க்ளாஸ்ல சோடாபுட்டி போட்ட பார்ட்டி ஒருத்தராவது இருப்பார். செமஸ்டர் லீவுல லேசிக் பண்ணிட்டு, கண்ணாடியைத் தூக்கிக் கடாசணும்ங்கிறது அவரோட லட்சியமா இருக்கும். (அந்தப் பார்ட்டி நீங்கதான்னா, இந்த வாரம் கொஞ்சம் உஷாராவே படிங்க.) 'வயசு பதினெட்டு தாண்டியாச்சு, பவரும் ஏறலை, அப்புறம் என்ன பிரச்னை?'ன்னு கேட்பீங்க. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு பாஸ். உங்க கார்னியா எவ்வளவு கெட்டி?

வாட்ச் முள்ளுக்கு மேல கண்ணாடி இருக்கில்லையா, அந்த மாதிரி கருவிழிக்கு முன்னால் இருக்கும் தெளிவான படலம்தான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம். ஆனால், கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிக்கிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பொடியனுடையது! கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் எந்நேரமும் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதையும் தாங்கி வடிவம் மாறாமல் நிற்கிறது என்றால், அடுக்கடுக்காக ஓடும் கொலாஜன் இழைகள்தான் காரணம்.

அந்த இழைகள் தளர்ந்துட்டா? கார்னியா மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் புடைக்கும். பேரு கெரட்டோகோனஸ். பெரும்பாலும் டீன் ஏஜிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். அதாவது, நம்ம வயசு!

இங்கேதான் லேசிக் உள்ளே வருது. அந்த ஆபரேஷன் கார்னியாவை லேசர் வைத்துச் செதுக்கி மெலிதாக்கும். ஏற்கெனவே வலு குறைந்த கார்னியாவில் கை வைத்தால், பிறகு அது புடைத்துக்கொள்ளலாம். தியோ சைலர் குழுவினர் 1998-லேயே இதை எழுதிவிட்டார்கள். டாக்டர்கள் கார்னியாவின் வடிவத்தையும் தடிமனையும் அளந்து பார்ப்பது இதனால்தான். ஆனால் தடிமனா இருக்கிறதெல்லாம் கெட்டியும் இல்லை, மெலிசா இருக்கிறதெல்லாம் வீக்கும் இல்லை. கெட்டித்தன்மையைத் தனியா அளக்கணும். எப்படி?

லேபில் இது ஈஸி. தானமாக வந்த கண்ணின் கார்னியாவை ரிப்பன் மாதிரி வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். உயிரோட இருக்கிற ஆள்கிட்ட இதைச் செய்ய முடியுமா? அதனால், தொடாமல் அளக்க வழி தேடினார்கள்.

முதல் வழி... ஊதுறது! 2005-ல் டேவிட் லூஸ் விளக்கிய 'ஆக்யுலர் ரெஸ்பான்ஸ் அனலைஸர்' கண்ணில் 'புஸ்'ஸென்று ஒரு காற்று விடும். கார்னியா உள்ளே போகும்போது ஒருமுறை தட்டையாகும், திரும்பி வரும்போது இன்னொரு முறை. இரண்டு தடவையும் காற்றின் அழுத்தம் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசம், கார்னியா எவ்வளவு அதிர்ச்சியை உள்வாங்குகிறது என்று சொல்லும். அடுத்து வந்த 'கார்விஸ்' கருவி, அந்தக் குழி விழும் காட்சியை வினாடிக்கு 4,330 படம் வீதம் எடுத்துத் தள்ளுது. எல்லாமே நீங்க கண் சிமிட்டுறதுக்குள்ள ஓவர்!

இதிலும் ஒரு சிக்கல். சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்க. அமுங்கலைன்னா, ரப்பர் கெட்டியா, இல்லை உள்ளே காற்று ஃபுல்லா? சட்டுன்னு சொல்ல முடியாது. கண்ணும் அப்படித்தான். உள்ளழுத்தமும் தடிமனும் கணக்கில் மூக்கை நுழைக்கும். அதையெல்லாம் கழிச்சுத்தான் பதில் சொல்லணும்.

இரண்டாவது வழி, ஒளி. எந்தப் பொருளுக்குள்ளும் மிக நுண்ணிய ஒலி அலைகள் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதில் பட்டுச் சிதறும் ஒளியின் அதிர்வெண் இம்மியளவு மாறும் என்று 1922-ல் சொன்னவர் பிரெஞ்சு விஞ்ஞானி லியோன் பிரில்லுவான். (1928-ல் நம்ம சர் சி.வி.ராமன் கண்டுபிடித்த சிதறலுக்கு இது சொந்தக்காரன்!) கெட்டியான இடத்தில் ஒலி வேகமா ஓடும், மாற்றமும் அதிகமா இருக்கும். ஸ்கார்செல்லி, யுன் இருவரும் இதை வைத்து ஒரு மைக்ராஸ்கோப் செய்து, 2012-ல் உயிருள்ள மனிதக் கண்ணிலேயே அளந்து காட்டினார்கள். ஊதவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். கெரட்டோகோனஸ் வந்த கார்னியாவில் கூம்பு இருக்கும் பகுதி மட்டும் தனியாக இளகியிருப்பதையும் இந்த முறை காட்டியது. கார்னியாவில் தண்ணீர் கூடினாலும் அளவு மாறும் என்பதுதான் இதில் இருக்கும் குடைச்சல்.

சரி, வீக்னு தெரிஞ்சா? வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புறஊதா ஒளி பாய்ச்சி, இழைகளைக் கோத்து இறுக்கும் 'கிராஸ் லிங்க்கிங்' இருக்கு. 2003-ல் வெளியான லேப் சோதனையில் மனிதக் கார்னியாவின் விறைப்பு நாலரை மடங்கு ஏறியது. ஆனா, இது நோய் மேலும் முற்றாம நிறுத்தத்தான். புடைச்சது முழுசா பழைய நிலைக்கு வராது. அதனால சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

உங்க பங்குக்கு மூணே விஷயம்:

* கண்ணைக் கசக்காதீங்க. கெரட்டோகோனஸுக்கும் கசக்கலுக்கும் நெருங்கிய தோஸ்து. அரிப்பு இருந்தா டாக்டர்கிட்ட போங்க.
* அடிக்கடி பவர் மாறுதா, சிலிண்டர் பவர் ஏறிக்கிட்டே போகுதா, எழுத்துக்குப் பக்கத்துல நிழல் எழுத்து தெரியுதா? கண்ணாடியை மட்டும் மாத்திட்டு வந்துடாதீங்க. கார்னியாவை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க.
* லேசிக் போறீங்களா? 'என் கார்னியா தாங்குமா டாக்டர்?'னு வாய்விட்டுக் கேளுங்க. 'வேணாம்'னு அவர் சொன்னா, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. உங்க கண்ணைக் காப்பாத்துற பதில் அது.

சோடாபுட்டியே ஆனாலும் பரவாயில்லை, பார்வை முக்கியம் பாஸ்!