பால் வற்றிய பசுவுக்கும் நிழல் வேண்டும்!

பங்குனி, சித்திரை மாதங்களில் தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள்.

கறவைப் பசு கொட்டகைக்குள் நிற்கும். அதற்குத் தவிடு உண்டு, பிண்ணாக்கு உண்டு, தொட்டி நிறையத் தண்ணீர் உண்டு. நிறைசினைப் பசு நிற்பதோ வெளியே, மொட்டை வெயிலில்! பால் வற்றிவிட்டது அல்லவா? "கன்று போட்ட பிறகு கவனித்துக் கொள்ளலாம்" என்று முளையடித்துக் கட்டிவிடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மானாவாரிப் பூமி. கோடையில் வீட்டுக்கே தண்ணீர்ப் பஞ்சம். இருக்கிற நிழலையும் நீரையும் காசு தரும் மாட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெரிய தவறு இருக்கிறது.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

பசுவின் வயிறு ஓர் அடுப்பு மாதிரி. தின்ற தீனி உள்ளே நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. வெளியிலோ 100 டிகிரிக்கு மேல் வெயில். இரண்டும் சேர்ந்தால் மாடு என்ன செய்யும்? மூச்சு வாங்கும். சூட்டை வெளியே தள்ள ரத்தம் தோலை நோக்கி ஓடும். கருப்பைக்குப் போகும் ரத்தம் குறையும். மாடு தீனியையும் குறைத்துக் கொள்ளும்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். கன்று மளமளவென்று வளருவது கடைசி இரண்டு மாதத்தில்தான். அப்போது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதவில்லை என்றால், கன்று சில நாள் முன்னதாகவே பிறக்கும். எடை குறைந்து பிறக்கும். சீம்பால் கொடுத்தாலும் அதில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியை அந்தக் கன்றின் குடல் முழுதும் ஏற்றுக் கொள்ளாது.

தாய்க்கும் கேடுதான். பால் வற்றிய காலத்தில் மடி சும்மா இருப்பதில்லை. அடுத்த ஈற்றுக்காகத் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. வெயில் அந்த வேலையைக் கெடுக்கிறது. ஈன்ற பிறகு எவ்வளவு பிண்ணாக்கு வைத்தாலும் இழந்த பால் முழுதும் திரும்பாது.

பேத்தி வரைக்கும்!

அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 10 ஆண்டுக் கணக்குகளைச் சேர்த்து 2020-ல் வெளியிட்டார்கள். கடைசி ஒன்றரை மாதம் வெப்பத்தில் தவித்த பசுக்களின் பெண் கன்றுகள் வளர்ந்து, முதல் ஈற்றில் நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு மேல் குறைவாகக் கறந்தன. பேத்திகள் கறந்த பாலும் குறைவுதான். பாட்டி பட்ட வெயில் பேத்தியின் மடியில் தெரிந்தது!

அந்தப் பசுக்கள் நிழலில்தான் நின்றன. விசிறியும் நீர்த்தெளிப்பும் மட்டுமே அவற்றுக்கு இல்லை. நம் பசுவுக்கோ நிழலே இல்லை.

எந்த மாட்டுக்கு ஆபத்து அதிகம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடியில் சினைப்பட்ட பசு சித்திரையிலோ வைகாசியிலோ ஈனும். அதன் கடைசி இரண்டு மாதமும் கோடைதான்.

கோடையில் சினை ஊசி போட்ட மாட்டுக்கும் இதே தொல்லை உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் கரு வெயிலைத் தாங்காது. அது கலைந்துவிட்டால், "ஊசி சரியில்லை" என்று ஊசி போட்டவர் மீது பழி விழுகிறது!

காவிரிக் கரையில் தோன்றிய ஆலம்பாடி மாடு வெயிலைத் தாங்கும். அதைக் காக்கக் காரிமங்கலம் பக்கம் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஆனால் அது உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன மாடு, பால் குறைவு. பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர்கள் ஜெர்சிக் கலப்பினத்தை நம்பியிருக்கிறார்கள். குளிர்நாட்டு ரத்தம் ஓடும் அந்த மாட்டை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. வேப்ப மரத்தடி போதும். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்றோ சோளத்தட்டையோ பரப்பலாம். தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்தால், நடுப்பகலில் வயிற்று அடுப்பு தணிந்திருக்கும். உச்சிப்பொழுதில் முதுகில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றலாம். ஆனால் காற்றோட்டம் இருக்க வேண்டும். அடைத்த கொட்டகையில் ஊற்றினால் புழுக்கம்தான் மிஞ்சும்.

"குடிக்கவே தண்ணீர் இல்லை, குளிப்பாட்டுவதா?" என்று பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மாட்டுக்குக் குடிக்க மட்டும் நாளைக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதைத் தலையில் சுமப்பவர்கள் அவர்களே. ஆகவே பொதுத் தொட்டிகளை மாசி மாதத்திலேயே பழுது பார்த்து நிரப்புவது பஞ்சாயத்தின் பொறுப்பு. தொட்டியருகே நிழல் மரமும் வைக்க வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கு அரசு பணம் தரும்போது, கூரை உயரமாக, காற்று புகும்படி இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும்.

வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக மாடு இளைக்கிறதா? உடனே நிழலுக்குக் கொண்டு போய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பால் வற்றிய மாட்டுக்கும் வரும்.