முறைப்பாடு இல்லையென்றால் திருப்தியா?

வழமையாகக் கடைக்கு வருபவர் திடீரென வராமல் விட்டால் வியாபாரி விழித்துக்கொள்ள வேண்டும். குறை சொல்பவர் நாளையும் வருவார். பேசாமல் போனவர் அடுத்த கடையில் நிற்பார். கல்லாவில் இருந்து நான் படித்த பாடம் இது.

அரச பற்சிகிச்சைக்கும் இது பொருந்தும். 1951இல் இலங்கை அரச வைத்தியசாலைகளில் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டில் பிரித்தானியா, இலவசமாகக் கொடுத்த பொய்ப்பற்களுக்குக் காசு கேட்கத் தொடங்கியது. ஆனாலும் அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு. சுகாதார சேவையில் திருப்தியா என்று 1983 முதல் மக்களிடம் கேட்டுக் கணக்கு வைக்கிறார்கள். பற்சிகிச்சையில் திருப்தி என்றவர்கள் 2019இல் 60 வீதம். 2024இல் 20 வீதம். புதியவர்களை ஏற்கும் அரச சேவைப் பல் வைத்தியர் கிடைப்பது அங்கே பெரும்பாடு. அந்த நோவை இலக்கமே சொல்லிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நாம் விடியவே போய் நம்பர் எடுத்து, பல்லைப் பிடுங்கி, "வலி போச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்று திரும்புகிறோம். அடைத்துக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்பதில்லை. வசதியுள்ளவர் தனியாரிடம் போகிறார். இல்லாதவர் கராம்பைக் கடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.

சகோதரர்களே, இலவசம் என்பது நம் வரிப்பணம்தான். சுகாதாரத் துறையினர் வரிசையில் நிற்பவரிடம் மட்டுமல்ல, வராமல் விட்டவரிடமும் கேட்கட்டும். உண்மையான கணக்கு அவரிடம்தான் இருக்கிறது.