பச்சை பெயிண்டுக்கு அடியில்

ஓய்வுபெற்ற பீரங்கி வண்டி ஒன்றை ஊர் நடுவில் கொண்டுவந்து வைப்பதற்கு நம்மிடம் ஒரு செட் முறை இருக்கிறது. சிமெண்டில் ஒரு மேடை, அதன்மேல் வண்டி, குழல் சற்றே மேல்நோக்கி. மூடிகளை எல்லாம் வெல்டிங் வைத்து அடைத்துவிட வேண்டும், உள்ளே எவனாவது போய்ப் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. சுற்றிலும் சங்கிலி, நாலு குரோட்டன்ஸ் செடி. குடியரசு தினத்துக்கு முந்தின வாரம் ஒரு கோட் பச்சை பெயிண்ட். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர் பெயர்கள் எல்லாம் கல்வெட்டில் இருக்கும். வண்டியின் பெயர் இருந்தால் நம் அதிர்ஷ்டம்.

இதற்குப் பெயர் பாதுகாப்பாம். எனக்கு இது அழிப்பாகத்தான் படுகிறது. மெதுவாக, மரியாதையாக, மாலை போட்டுச் செய்கிற அழிப்பு.

விஜயந்தாவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நீங்கள் பார்த்த பச்சை வண்டி அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1961இல் ஒப்பந்தம். 1965 முடிவில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளியே வந்தது. அதற்கு ஏறக்குறைய பதினோரு வருஷம் முன்னால், 1955 ஜனவரியில், அதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. சமுதாயம் வந்ததோ இல்லையோ, வண்டி வந்தது. ஏறக்குறைய 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நாலு பேர். இஞ்சின் லேலண்ட் எல்60. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும். அதே இஞ்சினைத் தங்கள் சீஃப்டன் டாங்கியில் வைத்த பிரிட்டிஷ்காரர்களையே படாதபாடு படுத்திய சரக்கு அது. அதை ஆவடியில் பிரித்து, பூட்டி, ஓடவைத்திருக்கிறார்கள். அம்பத்தூர், பட்டாபிராம், திருநின்றவூர் பக்கத்திலிருந்து சைக்கிளிலும் மின்சார ரயிலிலும் வேலைக்குப் போன மனிதர்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்.

நாற்சந்தியில் நிற்கிற விஜயந்தாவில் இதில் எது தெரிகிறது? ஒன்றும் தெரியாது. இஞ்சின் இருக்கும் இடத்துக்கு மேல் கம்பித் தடுப்பு. உள்ளே இஞ்சின் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. அவருக்குக் கிடைப்பது ஒரு பச்சை உருவம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செல்ஃபி எடுப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு வேறு என்ன வைத்திருக்கிறோம்?

கொஞ்சம் இரும்பு சமாச்சாரம் பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கனத்த கவசத் தகடு அவ்வளவு சீக்கிரம் போகாது. அது மழையில் நிற்கும், வெயிலில் நிற்கும். போவது மற்றதெல்லாம். சக்கரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வெயிலில் வெடித்து உதிரும். அடைத்த மூடியின் விளிம்பு வழியே மழைத் தண்ணீர் இறங்கும். இறங்கின தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கும். வயரிங், ஒயர்களின் உறை, இருக்கை, பார்வைக் கண்ணாடி, மெல்லிய தகடுகளில் அச்சடித்த எச்சரிக்கை வாசகங்கள், இவை உள்ளிருந்து அழுகும். அதாவது மனிதக் கை பட்ட பாகங்கள் முதலில் போகும். எதிரியைப் பயமுறுத்துகிற பாகம் கடைசிவரை நிற்கும். கடற்கரையில் வைத்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். நாம் என்னமோ தேடித் தேடிக் கடற்கரைச் சாலையில்தான் வைக்கிறோம்.

அப்புறம் அந்தப் பெயிண்ட். வருஷா வருஷம் அடிக்கிற பெயிண்டை நாம் பராமரிப்பு என்று நினைக்கிறோம். பழைய வாகனத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் பதறுகிற காரியம் இது. அடியில் இருக்கிற ஒவ்வொரு அடுக்கும் ஒரு தகவல். எந்தப் படைப்பிரிவின் சின்னம் வரையப்பட்டிருந்தது, எந்த நிலத்துக்காக எந்த நிறம் பூசினார்கள், எங்கே அடிபட்டது, எங்கே ஒட்டுப்போட்டார்கள், எல்லாம் அங்கே இருக்கும். தேய்த்து, பட்டி பார்த்து, மேலே பச்சை அடித்தால் கணக்கு நேர். பழைய கோயில் சுவரின் கல்வெட்டை மணல் பீய்ச்சித் தேய்த்துவிட்டு, மேலே பளிச்சென்று டிஸ்டெம்பர் அடிக்கிற அதே கைதான் இது.

சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் டைகர் 131 என்ற ஜெர்மன் டாங்கி இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது. குண்டு பட்டுச் சுழல்மேடை சிக்கிக்கொள்ள, உள்ளே இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடிப்போனார்கள். பின்னாளில் அதைப் பழுதுபார்த்து ஓடவே வைத்துவிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற ஒரே முதல் ரக டைகர் அதுதான். 2014இல் வந்த ஃப்யூரி படத்தில் நடித்தும் விட்டது. இவ்வளவு வேலை செய்தும் குண்டு பட்ட தழும்புகளை அவர்கள் மூடவில்லை. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? அந்த டாங்கி இன்ன இடத்தில் இன்ன தேதியில் பிடிபட்டது என்று பல பத்தாண்டுகளாகப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். துனிசியாவில் சண்டை போட்ட ஒரு சிப்பாயின் மகன், அப்பா சொன்ன கதையை மனதில் வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போகிறார். அப்பா சொன்ன டாங்கிக்கும் எதிரில் நிற்கிற டாங்கிக்கும் ஒற்றுமை தெரிகிறது. தழும்புகளையும் பழைய புகைப்படங்களையும் வைத்து ஆராய்ந்தார்கள். இடமும் மாறியது, தேதியும் மாறியது. ஏறத்தாழ எழுபது வருஷம் கழித்து ஒரு சாதாரண சிப்பாயின் வாய்மொழி ஜெயித்தது. தழும்பு இருந்ததால் ஜெயித்தது. அந்த டாங்கி நம்ம ஊர் ரவுண்டானாவில் நின்றிருந்தால் நாற்பதாவது கோட் பெயிண்டோடு அப்பாவும் போயிருப்பார், மகனும் போயிருப்பார்.

அவர்களுக்கும் ஞானம் பிறவியிலேயே வந்துவிடவில்லை. முதல் உலகப் போர் முடிந்து பாவிங்டனில் குவிந்து கிடந்த வண்டிகளைப் பார்த்த எழுத்தாளர் கிப்ளிங், 1923இல் இதற்கு ஓர் அருங்காட்சியகம் வையுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் போரின்போது அந்தச் சேகரிப்பிலிருந்தே பலதைப் பழைய இரும்பாக அனுப்பினார்கள். 1915இல் செய்த உலகின் முதல் டாங்கி மாதிரி, ‘லிட்டில் வில்லி’, தப்பியது பெரும் பாக்கியம். (டாங்கி என்ற பெயரே ஒரு பொய். ரகசியம் காக்க, இது ஏதோ தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்த பெயர். நம்மூரில் இன்றைக்கும் டேங்க் என்றால் மொட்டைமாடியில் இருப்பதுதான்.) 2013இல்தான் வெளியே மழையில் நின்ற வண்டிகளுக்கென்று பெரிய கூரைக் கொட்டகை கட்டி முடித்தார்கள். கூரை. முதலில் அதுதான் வேண்டும்.

‘இதெல்லாம் மக்களுக்கு நாட்டுப்பற்று வருவதற்காக வைக்கிறது சார், அருங்காட்சியகம் நடத்துவதற்கா?’ என்று கேட்பார்கள். 2017இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், மாணவர்களுக்கு ராணுவத்தின் தியாகத்தை நினைவுபடுத்த வளாகத்தில் ஒரு டாங்கி வேண்டும் என்று மத்திய அமைச்சர்களிடம் கேட்டார். அந்தக் கோரிக்கைதான் எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது. அவர் கேட்டது ஒரு பூச்சாண்டி. தியாகத்தை நினைவுபடுத்த வேண்டுமென்றால் அந்த வண்டிக்குள் யார் உட்கார்ந்தார்கள், கோடையில் அதற்குள் எத்தனை நேரம் தாக்குப்பிடித்தார்கள், அடிபட்டால் எந்த வழியாக வெளியே வர முடியும், வர முடியாமல் போனவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். மூடியை வெல்டிங் வைத்து அடைத்த வண்டி இதைச் சொல்லாது.

1965 யுத்தத்தில் பிடித்த பாட்டன் டாங்கிகளையே பாருங்கள். பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊரில் நடந்த சண்டை. அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்த பாட்டன்களைக் கூட்டம் கூட்டமாக வீழ்த்தியதும், அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தோம். சரி, அவற்றை எது வீழ்த்தியது? நம் பக்கம் சென்சுரியன் டாங்கிகளும் இருந்தன. ஆனால் கால்வாயை உடைத்துத் தண்ணீரில் முழுகடித்த வயல்கள் இருந்தன, ஆள் உயரக் கரும்பு இருந்தது, ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பில்லா துப்பாக்கியோடு அப்துல் ஹமீது இருந்தார். திறந்த ஜீப். கவசம் கிடையாது. அதை வைத்துக்கொண்டு டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்து, செப்டம்பர் 10ஆம் தேதி செத்துப்போனார். பரம்வீர் சக்ரா அவருக்கு இறந்த பிறகு கிடைத்தது. மேடையில் ஏற்றிய பாட்டன் இந்தக் கதையில் எந்தப் பகுதியைச் சொல்லும்? அது தன் பருமனைத்தான் சொல்லும். அந்தச் சண்டை முழுக்கப் பருமன் தோற்ற கதை. நாம் பருமனை எடுத்து மேடையில் வைத்திருக்கிறோம்.

எதிர்ப்பக்கத்திலும் ஆள் இருக்கிறார்கள், பெரும்பாலும் நம் இலக்கிய நண்பர்கள். ‘கொலைக்கருவி, எதற்கு வைத்துக் கும்பிட வேண்டும்? உருக்கிப் போடு’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை அப்படித்தான் செய்தோம். 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்ற கப்பல். 1997இல் ஓய்வு. மும்பையில் சில வருஷம் அருங்காட்சியகமாக இருந்தது. பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடினார்கள். 2014இல் ஏலம்போய் உடைபட்டது. அந்த இரும்பில் கொஞ்சத்தை வாங்கி, 2016இல் பஜாஜ் ஒரு மோட்டார் சைக்கிள் விட்டது. விளம்பரம் முழுக்க விக்ராந்த்தான். யுத்த வெறி அதனால் குறைந்ததா? உருக்கியதும் பெருமை அப்படியே நின்றது, விலைபோட்டு விற்கவும் வசதியாயிற்று. போனது சான்று மட்டும்தான். போரை வெறுக்கிறவன்தான் இந்த வண்டிகளை முதலில் காப்பாற்ற வேண்டும். குறுகலான ஓட்டுநர் குழிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்த பிள்ளைக்கு எந்தக் கவிதையும் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

தழும்பு மட்டும் இருந்தால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனையிறவில் ஏ9 சாலையோரம் துருப்பிடித்த புல்டோசர் ஒன்று நிற்கிறது. 1991 ஜூலையில் புலிகள் இரும்புத்தகடு போர்த்தி முகாமை உடைக்க அனுப்பியது. அதன்மேல் ஏறிக் கையெறிகுண்டு போட்டு உயிர்விட்ட காமினி குலரத்னவுக்கு அங்கே நினைவிடம். அவர் துணிவைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. ஆனால் அந்த வண்டிக்குள்ளேயும் மனிதர்கள் இருந்தார்கள், அந்த மண்ணைச் சுற்றியும் மனிதர்கள் இருந்தார்கள். பெயிண்ட் அடிக்காமல், எரிந்த கோலத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். இருந்தும் அது ஒரு பக்கத்தின் வெற்றிக்கேடயமாகத்தான் நிற்கிறது. வடக்கே போகிற பஸ்ஸிலிருந்து அதைப் பார்க்கிற ஒரு தமிழ்த் தாய்க்கு அந்த இரும்பு சொல்வதை எந்தப் பலகையும் எழுதவில்லை. மேடைக்கும் வெற்றிக்கும் இப்படி ஒரு உறவு இருக்கிறது. மேடை கட்டினால் வென்றவர் மட்டும்தான் பேச முடியும்.

நம்மிடமே உருப்படியாக நடந்த காரியமும் உண்டு. விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கி. 1969 முதல் 2001 வரை கடலில் இருந்தது. 2002இலிருந்து உள்ளே போய்ப் பார்க்கலாம். அதைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள். எத்தனை பேருக்கு எத்தனை படுக்கை, தண்ணீரை எப்படி அளந்து செலவழிப்பார்கள் என்பதை ஆளே நின்று சொல்லும்போது, கூட்டம் தானாக அமைதியாகிறது. கப்பல் உப்புக்காற்றில்தான் நிற்கிறது, ஓயாமல் செலவு வைக்கிறது. ஆனாலும் திறந்த கதவு, உள்ளே ஒரு மனிதர். தமிழ்நாட்டுக்கு இதேபோல் ஒன்று வர வேண்டியிருந்தது. வாக்லி என்ற நீர்மூழ்கி 2010இல் ஓய்வுபெற்றது; மாமல்லபுரத்தில் அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். மாமல்லபுரம் வந்து சேரவில்லை.

ஆகவே விஜயந்தாவுக்கு வருவோம். இனிமேல் எந்தக் கல்லூரிக்கும், எந்த ரவுண்டானாவுக்கும் வண்டி கொடுக்காதீர்கள். கொடுத்ததில் நல்ல நிலையில் இருப்பதாக நாலைந்தைத் திரும்ப எடுங்கள். ஆவடியில் ஒரு கூரை போடுங்கள். ஒன்றை நீளவாக்கில் வெட்டித் திறந்து வையுங்கள். பாவிங்டனில் ஒரு சென்சுரியனை அப்படிப் பிளந்து வைத்திருக்கிறார்கள், நாலு பேரும் எந்த லட்சணத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று குழந்தைக்கும் புரிகிறது. ஒன்றின் பெயிண்டைச் சுரண்டி அடுக்கடுக்காகக் காட்டுங்கள். எல்60 இஞ்சினைத் தனியே மேசைமேல் வையுங்கள். பக்கத்தில் அதைப் பூட்டியவர்களை உட்கார வையுங்கள். முதல் வண்டி வெளிவந்தபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது. வெல்டர், ஃபிட்டர், ஃபவுண்டரிக்காரர், கேண்டீனில் ராத்திரி ஷிஃப்டுக்கு டீ போட்டவர், எல்லோர் குரலையும் பதிவு செய்ய ஒரு மைக்கும் ஒரு பொறுமையான ஆளும் போதும். கட்டடம், டெண்டர், திறப்புவிழா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பதிவை இந்த வருஷமே தொடங்கியாக வேண்டும். பெயிண்ட் வாங்குகிற காசில் முதல் மாதச் செலவு ஓடிவிடும்.